வரமும் வரம்பும்: திருச்செந்தூர்க் கரையிலிருந்து ஒரு ரசிகனின் அளவுகோல்

1290களில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் வரவுசெலவைக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, குளிப்பவர்களைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு. அந்தக் கட்டு பகலில் மட்டுமே செல்லும். பொழுது சாய்ந்ததும் கட்டியவர்களே அதை அவிழ்த்துவிடுவார்கள். இருட்டில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக அப்படிச் செய்வார்கள் என்று அந்தப் பயண நூலின் ஒரு பிரதி காரணமும் சொல்கிறது.

மாயக் கதைகளும் அறிவியல் புனைவுகளும் எங்கே எடுபடுகின்றன, எங்கே கவிழ்கின்றன என்று பல வருடங்களாக யோசித்துவரும் ரசிகன் நான். இந்தச் சில வரிகளில் கிடைக்கும் தெளிவு பல பெரிய விமர்சனப் புத்தகங்களில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு சக்தி இருக்கிறது. அதற்கு நேர வரம்பு உண்டு, கூலி உண்டு, அவிழ்த்தால் விளைவும் உண்டு. கேட்டவுடன் அடுத்தது என்ன என்று மனம் ஓடுகிறது: கட்டு அவிழ்ந்த பிறகும் ஒருவன் இறங்கினால்? கூலி தகராறில் மந்திரக்காரர் வராமல் நின்றுவிட்டால்? கதை தானாகப் பிறக்கிறது.

தமிழ்ப் பார்வையாளனுக்கு அறிவியல் புனைவும் மிகைபுனைவும் பழக்கமில்லை, அதனால்தான் அந்த வகைப் படங்கள் இங்கே ஓடுவதில்லை என்று ஒரு பேச்சு நெடுநாளாக நடக்கிறது. இது தவறு என்பது என் கட்சி. படம் விட்டு வெளியே வரும்போது நம்மூர் ஆட்கள் போகிறபோக்கில் சொல்லும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: “அம்புட்டு சக்தி இருக்குன்னா மொதல்லயே முடிச்சிருக்கலாம்லா வே, பெறவு எதுக்கு இவ்ள நேரம் அடி வாங்குனான்?” முறையான விமர்சனம் இது. சக்தியின் வரம்பை எழுத்தாளர் எங்கே வைத்தார் என்று கேட்கிற கேள்வி. இந்தக் கரை தன் ரசிகனுக்கு இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

மார்க்கோ போலோ சொன்ன மந்திரக்காரர்கள் பிற்காலத்திலும் இருந்தார்கள். கடல்கட்டி என்று பெயர். பிரிட்டிஷ் அரசு நடத்திய முத்துக்குளிப்புகளிலும் அவர்களுக்கு இடம் உண்டு, பங்கும் உண்டு. கடல்கட்டி வராமல் குளிப்பவர்கள் நீரில் இறங்கத் தயங்கினார்கள். இலங்கைக் கரை முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், 1861இல் வெளியான நூலில் அரிய செய்தி ஒன்றைத் தருகிறார். இந்த ஆற்றல் குடும்ப வழி வருவது. கட்டுகிறவர் எந்த மதம் என்பது பொருட்டே இல்லை. அப்போது அந்தக் குடும்பத்தின் தலைவராக இருந்தவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர். மதம் மாறியும் மந்திரம் மாறவில்லை என்றால் அதன் வேர் எங்கே இருக்கிறது? குடும்பத்தில், தொழிலில், குளிப்பவரின் நம்பிக்கையில். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அத்தோடு கடல்கட்டிக்கும் வேலை இல்லாமல் போனது.

திருச்செந்தூருக்கு வருவோம். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை, லட்சக்கணக்கானவர்கள் கடற்கரை மணலில் நெருக்கியடித்து நிற்க, சூரசம்ஹாரம் நடக்கிறது. முருகனின் உற்சவரான ஜெயந்திநாதர் வேலேந்தி எழுந்தருளுகிறார். எதிரே யானைமுகத்தோடு அசுரன் வருகிறான். மேளதாளத்தோடு சுவாமியைச் சுற்றிவருகிறான், நேருக்கு நேர் நிற்கிறான், வேல் பாய்கிறது. யானைத்தலையைக் கழற்றிவிட்டுச் சிங்கத்தலையைப் பொருத்துகிறார்கள். மறுபடியும் சுற்று, மறுபடியும் வேல். அடுத்து சூரபத்மனின் சொந்த முகம். கடைசியில் மாமரம். தலையை மாற்றும் கைகள் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. அசுரனைச் சுமக்கிறவர்களின் தோளும் வியர்வையும் தெரிகின்றன. எதையும் யாரும் மறைப்பதில்லை, மறைக்க வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. வேல் பாய்கிற கணத்தில் எழும் அரோகரா முழக்கத்தில் கடல் சத்தம் காணாமல் போகிறது. போர் முடிந்ததும் கோயிலில் சாயாபிஷேகம்: சுவாமிக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரியும் உருவத்துக்கு அபிஷேகம் செய்கிறார்கள்.

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பின்னர் கட்டுரையாக விரிந்த அந்த உரையில் இரண்டு கருத்துகள் முக்கியமானவை. கதாசிரியன் ஓர் இரண்டாம் உலகத்தைப் படைக்கிறான், அந்த உலகத்தின் விதிகள் தமக்குள் முரண்படாத வரை வாசகன் நம்புகிறான் என்பது ஒன்று. அதை அப்படியே ஏற்கிறேன். மேடை நாடகத்துக்கும் மாயப் புனைவுக்கும் இயல்பிலேயே ஒத்துவராது, வேஷம் கட்டிய மனிதன் பேசும் விலங்காக வந்தால் நம்பிக்கை பிறக்காது என்பது இன்னொன்று. இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பார்த்தது பொருட்களை ஒளித்துவைத்து ஏமாற்ற முயலும் மேடை. ஒளிவுமறைவு இல்லாத திருச்செந்தூர் மணலை அவர் பார்த்ததில்லை. இங்கே நம்பிக்கையைத் தாங்குவது கதையின் விதி. தலை மாறும், வேல் தப்பாது என்பது கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அதற்குள் பொம்மை பொம்மையாகவே இருக்கலாம்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வந்து நிற்போம். 10,345 பாடல்கள் கொண்ட இந்த நூலைப் பக்தியோடு மட்டும் அணுகுகிறவர்கள் அதன் கற்பனைக் கட்டமைப்பைப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை. சூரபத்மனின் ஆட்சி ஒரு நாட்டோடு நிற்பதல்ல, ஓர் உலகத்தோடும் நிற்பதல்ல. ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் அவனுக்கு. அண்டங்களின் அமைப்பை விவரிக்கவே அண்டகோசப் படலம் என்று தனிப் படலம் உண்டு. நினைத்த இடத்துக்குப் போகும் இந்திரஞாலத் தேர் உண்டு. தென்கடல் நடுவே வீரமகேந்திரபுரம் என்ற தலைநகரம். பல பிரபஞ்சங்களுக்கு இடையே தாவும் ஹாலிவுட் படங்களைப் பார்த்து இன்று வாய்பிளக்கிற பிள்ளைகளிடம், இதற்கு முன்னோடி நம் கோயில் மண்டபத்தில் படிக்கப்பட்டது என்று சொல்ல ஆசைப்படுகிறேன். பழம்பெருமைக்காக அல்ல. கதை சொல்லும் நுட்பம் அங்கே இருக்கிறது என்பதற்காக.

நுட்பம் இதுதான். சூரன் பெற்ற வரம் மிகப் பெரியது. ஆனால் கொடுக்கும்போதே சிவன் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார்: தன் சக்தியைத் தவிர வேறெதுவும் அவனை வெல்லாது. அந்தச் சக்தியே ஆறுமுகனாக வருகிறது. ஆக வரத்தை மீறாமலே வரம் பெற்றவன் தோற்கிறான். கடைசிப் போரில் சக்கரவாகப் பறவையாகிறான், இன்னும் பல வடிவம் எடுக்கிறான், கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். மரம் பிளக்கிறது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். அழிக்க முடியாதவனை அழிக்காமலே முடித்து வைக்கிற இந்தத் தீர்வு, எந்த மொழியின் மாயக் கதையோடு வைத்து எண்ணினாலும் முதல் வரிசையில் நிற்கும். முருகன் சூரனின் மாமரத்தை வீழ்த்திய செய்தி திருமுருகாற்றுப்படையிலேயே வந்துவிடுகிறது. திருச்சீரலைவாய் என்று இந்த ஊரை இரண்டாம் படைவீடாகப் பாடியதும் அதே நூல்தான்.

இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே குலசேகரன்பட்டினம். எங்கள் பேச்சில் குலசை. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டி வரும் கூட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். காளி, குரங்கு, குறத்தி, ராஜா, போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று நேர்ந்துகொண்ட வேஷத்தில் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்கிறார்கள். காளி வேஷம் எடுப்பவருக்கு விரதம் கடுமை. சடைமுடி, கிரீடம், நீட்டிய நாக்கு, கையில் ஆயுதங்கள், சிவப்புச் சேலை என்று அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு வெயிலில் நடக்க வேண்டும். காப்புக் கட்டினால் காப்பு அவிழ்க்கும் வரை வேஷத்துக்குரிய ஒழுக்கம் தவறக் கூடாது. தனக்குப் பிடித்த கதாபாத்திரமாக உடை அணிந்து கூடுகிற ரசிகர் மாநாடுகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உண்டு. குலசையில் வேஷம் என்பது ஒப்பந்தம். எடுத்துக்கொண்ட உருவத்துக்கு விலை கொடுக்கத் தெரிந்த ஊர், திரையில் விலையில்லாமல் வரும் சக்தியை எப்படி ரசிக்கும்?

இந்தக் கடலுக்கு உலக அறிவியல் புனைவின் தொடக்க காலத்திலேயே ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். ஜூல்ஸ் வெர்ன் 1870இல் முடித்து வெளியிட்ட கடலடிப் பயண நாவலில் நாட்டிலஸ் கப்பல் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. கேப்டன் நீமோ தன் விருந்தினர்களோடு நீர்மூழ்கி உடையில் முத்துப் படுகையில் நடக்கிறார். தனியாகக் குளித்துக்கொண்டிருக்கும் ஓர் ஏழை முத்துக்குளிப்பவரைச் சுறா தாக்க, குறுவாளோடு பாய்கிறார். நெட் லேண்டின் ஈட்டி சுறாவை முடிக்கிறது. பிழைத்தவர் கையில் நீமோ ஒரு முத்துப் பையைக் கொடுக்கிறார். பின்னால் வந்த மர்மத் தீவு நாவலில் நீமோ யார் என்று தெரிகிறது: டக்கார் என்ற இந்திய இளவரசர், திப்பு சுல்தானின் உறவினர். மன்னார்க் கடலில் ஓர் ஏழைக்காக அவர் உயிரைப் பணயம் வைத்ததன் பொருள் அப்போது இரட்டிப்பாகிறது.

வெர்னிடம் எனக்குப் பிடித்தது அவருடைய கணக்கு. நாட்டிலஸ் மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு வேண்டிய சோடியத்தைக் கடல்நீரிலிருந்தே எடுக்கிறார்கள். மூச்சுக்கு, அந்தக் காலத்தில் உண்மையிலேயே இருந்த அழுத்தக் காற்றுக் கருவியைக் கொஞ்சம் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். காற்று தீர்வதற்குள் திரும்பியாக வேண்டும். ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு சறுக்கலும் இருக்கிறது. ராட்சதக் கிளிஞ்சல் ஒன்றுக்குள் தேங்காய் அளவு முத்து ஒன்று ஒளிவீசுகிறது, விலை கோடி பிராங்க் என்கிறார். தூத்துக்குடிக் கரையில் சிப்பி உடைத்துப் பழகிய யாரும் இதை ஒப்பமாட்டார். முத்துச்சிப்பி தன் ஓட்டின் உட்புறம் பூசும் பளபளப்புப் படலமே முத்தாகிறது. ராட்சதக் கிளிஞ்சலின் ஓட்டில் அந்தப் படலம் இல்லை. அதில் விளைவது பீங்கான் வெண்மைதான், முத்தொளி வராது. மாபெரும் எழுத்தாளரின் தவறை ஒரு குளிப்பவர் திருத்த முடிகிறதே, ரசிகனின் கருத்துக்கு மதிப்பு உண்டு என்று நான் வாதிடுவது இதனால்தான்.

சிறுவயது வாசிப்புக்கும் இதில் பங்கு உண்டு. அம்புலிமாமாவின் வேதாளம் விக்கிரமாதித்தன் வாய்திறந்தால் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை சுக்குநூறாகும். இரண்டு விதிகளுக்கு நடுவே அரசன் மாட்டிக்கொண்டிருப்பதே கதையை இழுத்துக்கொண்டு போகிறது. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் சித்திரக்கதையின் தமிழ் வடிவம். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைவான், இரும்புக் கை மட்டும் தெரியும், நேரம் போனால் உருவம் திரும்பிவிடும். பிளக் பாயிண்ட் இல்லாத காட்டில் மாயாவி என்ன செய்வான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். அவர்களுக்கு அப்போதே வரம்பின் அருமை தெரிந்திருந்தது.

இனி சினிமா. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக் கூட்டோடு எடுத்த காடு, இந்தியாவின் முதல் அறிவியல் புனைவுப் படமாகப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி மாமத யானைகளாக நடக்கவிட்டார்கள். 1963இல் வந்த கலைஅரசியில் வேற்றுக்கிரகத்தார் ஒரு பாடகியைக் கடத்துகிறார்கள். அறிவியலில் முன்னேறிய அவர்களுக்குக் கலை தெரியாது, அதைக் கற்றுத்தர பானுமதி வேண்டும். எம்.ஜி.ஆர். அங்கே போகிறார். அரங்க அமைப்பு எளிமையானது. ஆனால் மையக் கருத்தை இன்று நினைத்தாலும் மரியாதை வருகிறது. பூமியைப் பிடிக்க வராமல் பாட்டுக் கற்க வந்த வேற்றுக்கிரகத்தார் எத்தனை படத்தில் உண்டு?

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 1957இன் மாயாபஜார். கே.வி. ரெட்டியின் இயக்கம், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு, கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ். அதில் வரும் பேழையைத் திறந்தால் திறப்பவர் மனத்துக்கு உகந்தது தெரியும். கண்ணன் திறக்கிறான், உள்ளே சகுனி. ஒரு பலகையில் ஏறி நின்றால் உண்மைதான் வாயில் வரும். அதில் சகுனியை ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு மாயப் பொருளுக்கும் ஒரே ஒரு விதி, அந்த விதியாலேயே கதை ஒரு படி நகர்கிறது. கணினி வரைகலை இல்லாத காலத்தில் செய்த வேலை இது. 1967இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய கந்தன் கருணையில் அசோகன் சூரபத்மனாகவும் சிவாஜி வீரபாகுவாகவும் நிற்பதைப் பார்க்கும்போதும் விதியின் மீதான இதே உறுதி தெரிகிறது.

எந்திரன் 2010இல் வந்தபோது எழுத்தாளர் சுஜாதா இல்லை, இரண்டு வருடம் முன்பே மறைந்துவிட்டார். வசனத்தில் அவருடைய பங்கு இருக்கிறது. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி என்ற ரோபோ உடையில்லாமல் தூக்கிவந்து எல்லார் முன்னாலும் நிறுத்தும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இயந்திரத்துக்கு உயிர் தெரியும், மானம் தெரியாது. அந்தப் பெண் ஓடிப்போய் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். படத்தில் அறிவியல் புனைவு உச்சம் தொடுவது அங்கே என்பேன். கடைசியில் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் மாறுவது கண்ணுக்கு விருந்து, மனத்தில் தங்குவது குறைவு. 2018இல் வந்த 2.0 வில் பறவைகளுக்காகப் பக்ஷிராஜன் படும் துயரம் உண்மையானது. ஆனால் அவர் ஆவியா, ஆற்றலா என்று படமே உறுதி செய்துகொள்ளாததால் அவரை எது தடுக்கும், எது தடுக்காது என்று ரசிகனுக்குப் பிடிபடவில்லை. பயமும் வரவில்லை.

ஆர். ரவிக்குமார் இயக்கி 2015இல் வந்த இன்று நேற்று நாளை சின்னச் செலவில் பெரிய பாடம் நடத்தியது. கால இயந்திரம் கையில் கிடைத்தவர்கள் என்ன செய்கிறார்கள்? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தந்து ஜோசியம் பார்க்கிறார்கள். நம்ம ஊரில் கிடைத்தாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். அப்படிப் போன ஒரு பயணத்தில் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துவிடுகிறான், அதற்குப் பிறகு விலை கொடுத்துத் தீர வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த 24 படத்தின் கைக்கடிகாரம் இருபத்து நான்கு மணி நேரம் மட்டுமே பின்னோக்கிப் போகும் என்ற வரையில் என்னை இறுக்கிப் பிடித்தது. பல ஆண்டுகள் பின்னோக்கிப் போக முடியும் என்றானதும் பிடி தளர்ந்தது. 2021இன் மாநாடு ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டியும் கூட்டத்தைக் குழப்பவில்லை. நாயகனின் ரத்தம் கலந்ததால் வில்லனும் அதே சுழலில் சிக்குகிறான் என்ற ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிப் போடுகிறது. வில்லனாக நடித்த எஸ்.ஜே. சூர்யாவுக்குக் கிடைத்த கைதட்டல் நடிப்புக்கு மட்டுமல்ல, அந்த விதிக்கும்தான்.

ரசிகர்களும் தவறுவதுண்டு. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவனுக்கு முதலில் கிடைத்த வரவேற்பு கலவையானது. பின்னால் அதே படத்தை இளைஞர்கள் தேடித் தேடிப் பார்த்தார்கள், மீண்டும் திரையரங்குக்கு வந்தது. தாமதமாக என்றாலும் தீர்ப்பைத் திருத்தியவர்கள் ரசிகர்களே.

குலசையில் இப்போது இன்னொன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 986 கோடி ரூபாய், நிலம் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கைக்கு மேலே பறக்காமல் ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேர்தெற்கே கடல்தான். 34 மீட்டர் உயரமுள்ள எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறு ராக்கெட்டுக்கு, சுமார் 500 கிலோ மட்டுமே சுமக்கும் வண்டிக்கு, இந்தச் சேமிப்பு பெரிய விஷயம். எரிபொருளுக்கும் எடைக்கும் உள்ள இந்தக் கணக்கில் எந்த நாயகனும் விதிவிலக்குக் கேட்க முடியாது. காளி வேஷக்காரர் நடக்கும் சாலையில் ராக்கெட் பாகம் ஏற்றிய லாரி போகப்போகிறது. ஏவும் நாளில் கடலில் படகு இருக்கக் கூடாது என்பதால் பக்கத்து ஊரான மணப்பாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் கவலை இருக்கிறது.

அறிவியல் புனைவு எழுதவோ எடுக்கவோ நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, சென்னையில் வரைகலை நிறுவனத்தைத் தேடுவதற்கு முன் ஒரு நடை இந்தக் கரைக்கு வாருங்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் நிற்கப்போகிறவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அன்றைய கூலியை யார் தருவார்கள் என்று அவர் கேட்பார். உங்கள் கதையை அந்தக் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.